கோட்டில் நின்ற முள்

“அதுல கை வைக்காத, தாஸ்!”

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் எலிசா கராஜ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே அவள் கொழுந்தன் ஜெபதாஸ், செத்துப்போன அண்ணனின் மேசையிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

“ஏன் மைனி? அண்ணன் தன் கையால அடைச்ச கடைசி இருவது தோட்டா. சனிக்கிழமை மான் சீசன் தொடங்குது. முதல் வெடி அண்ணன் பேருல. அதுக்கும் உங்க பெர்மிஷன் வேணுமா?”

“ரைஃபிள எடுத்துக்க. கார வேணாலும் எடுத்துக்க. அது மட்டும் வேண்டாம்.”

“காரா? உங்க சிம்மாசனத்தயா?” என்று சிரித்தான். “ஒரு வருஷமா அண்ணன ஸ்டியரிங்கத் தொட விட்டீங்களா? ஆபீஸுக்குப் போறதுக்கும் பின்னாடி நாய்க்குட்டி மாதிரில்ல வந்தாரு!”

இர்விங் ஊரிலிருந்து வந்து இறங்கிய நேரத்திலிருந்து இதே நாக்குதான். காலையில் பாஸ்டர் முன்னாலேயே கேட்டுவிட்டான்: “புதன்கிழமை விடியக்காலைல பைஜாமாவோட அவருக்கு கராஜ்ல என்ன வேலை? சண்ட போட்டு வெளிய தள்ளுனீங்களா?”

ஏழு மணிக்கு எழுந்து வந்தபோது கணவர் பால்துரை இந்த மேசைக்கடியில் சுருண்டு கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். அந்த நேரத்தில் இங்கே என்ன செய்தார் என்பது அவளுக்கே தெரியாது.

மேசைமேல், தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்கும் அந்தத் தராசு இருந்தது. ஒரு முனையில் சின்னத் தட்டு, மறு முனையில் முள், முள்ளுக்கு நேராக மயிரிழைக் கோடு.

போன வருஷம் துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டு தராசுகளை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு எண்கள் ஒளிரும் புது எலக்ட்ரானிக் தராசு, மற்றது இது. முதல் தராசு வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டும், ரைஃபிள் தோட்டாவில் மருந்து கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும் என்றார். “அந்தச் சிவப்பு நம்பர வாங்குங்களேன்” என்றாள் எலிசா. “கரண்டு போனா அது வெறும் டப்பா. முள்ளு பொய் சொல்லாது” என்று பால்துரை குனிந்தார். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். அவர் மூச்சுக்காற்றில் தட்டு ஆடியது. பிறகு கடைக்காரருக்குப் புரியாத தமிழில், மெதுவாகக் கேட்டார்: “எலிசா, கோட்டுல நிக்குதா பாரு.”

அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. எண்ணெய்க் கம்பெனியில் குழாய் வரைபடம் போடுகிறவர். ஹூஸ்டனில் வாரா வாரம் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “ஆபீஸுக்குத் தெரியக் கூடாது. தாஸுக்கும் தெரியக் கூடாது. அவன் வாய் ஓட்ட வாய்” என்று சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து காரும் அவள்தான், முள்ளைப் பார்க்கும் கண்ணும் அவள்தான்.

ஜெபதாஸ் பையை இழுத்து மூடினான்.

“அண்ணனுக்குக் கண்ணு தெரியாது, தாஸ்.”

“என்னது?”

“கிட்டத்துக் கோடு தெரியாது. முள்ள நான்தான் பாத்துச் சொல்லுவேன்.”

“செத்த மனுசன் மேலயே பழியப் போடுதீங்களே, நல்லா இருப்பீங்களா?”

“பழி என் மேலதான்!” அவள் குரல் கிறீச்சிட்டது. “ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேலி பண்ணுன. ‘ஆமாடா, அவ டிரைவர், நான் லக்கேஜ்’னு அவரும் சேந்து சிரிச்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னைக்குத்தான் இந்த இருவதும் அடைச்சாரு. அந்தா, வாஷிங் மெஷின் பக்கம் திரும்பி நின்னு துணி மடிச்சேன். ‘நிக்குதா?’ன்னாரு. ‘நிக்குது’ன்னேன். இருவது தடவையும் ஏறிட்டுப் பாக்கல.”

ஜெபதாஸ் அவளையே முறைத்தான். பிறகு பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தான். எட்டுத் தோட்டாக்கள் நேராக நின்றன. பன்னிரண்டு தலைகீழாகச் செருகப்பட்டிருந்தன.

நேராக நின்றதில் ஒன்றை எடுத்தான். மேசையில் கிடந்த, தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியலின் தலைக்குழிக்குள் வைத்து, மேசையில் ஓங்கித் தட்டினான். டொக். கொட்டிய மருந்தைத் தட்டில் போட்டான். முள் சடாரென்று உச்சிக்குப் போய் முட்டி நின்றது.

“என் மூஞ்சியே போயிருக்கும்” என்றான்.

தலைகீழாக இருந்ததில் ஒன்றைப் பிரித்தான். முள் இரண்டு முறை அசைந்து, கோட்டில் நின்றது. இன்னொன்று. அதுவும் கோட்டில்.

“இது எப்படி மைனி?”

எலிசா கீழே பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்களின் கால் பட்டு ஒதுங்கிய டார்ச்சும், வரைபட மேசையிலிருந்து அவர் கொண்டுவந்த பெரிய பூதக்கண்ணாடியும் சுவரோரம் கிடந்தன.

அந்த டொக் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. திங்கள், செவ்வாய், புதன், மூன்று விடியலும் கேட்டது. தன்னைத் தூங்கவிடாமல் வேண்டுமென்றே தட்டுகிறார் என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். புதனன்று சத்தம் நின்றபோது, அப்பாடா என்று புரண்டு படுத்தாள்.

“நான் பாக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பிரிச்சுச் சரி பண்ணுனதத் தலைகீழா வச்சிருக்காரு” என்றாள். “ஒரு வார்த்த கேக்கல.”

ஜெபதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நேராக நின்றதில் மிச்சமிருந்த ஏழு தோட்டாக்களையும் வரிசையாக வைத்தான்.

“உங்கள நான் மன்னிக்கல. அது வேற” என்றான், அவள் முகத்தைப் பாராமல். “அண்ணன் பாதில விட்ட வேலை. வாங்க, முள்ளப் பாருங்க.”

அவள் எதிரே முழங்காலிட்டாள். கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தாள். தட்டு ஆடியது.

“மூச்ச விடாதீங்க.”

அடக்கிக்கொண்டாள். அவன் சிட்டிகை சிட்டிகையாக மருந்தைத் தூவினான்.

“நிக்குதா?”

முள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவள் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.