சட்டைப்பையில் ஒரு ஃபியூஸ்

...இட்லிச் சட்டியைத் திறந்தால்கூட இவ்வளவு ஆவி வராது, வேனின் முன்பக்கம் புஸ்ஸென்று கிளம்பியதில் டிரைவர் பசீரண்ணன் முகமே தெரியவில்லை, ஊத்துக்குளி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் ஊர்ந்தோம், அவ்வளவுதான், கொதித்து நின்றுவிட்டது, பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களெல்லாம் நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள், நான் மட்டும் வேனைச் சுற்றிக்கொண்டு... எனக்கென்ன வேலை அங்கே? பார்க்காமலும் எப்படி இருப்பது. இன்னொரு நாள் லேட்டானால் வேறு வண்டி போட்டுக்கொள்கிறோம் என்று சூப்பர்வைசர் அருள்செல்வன் போன வாரமே சொல்லிவிட்டார், இந்த டிரிப் கைவிட்டுப் போனால் பசீரண்ணன் வீட்டில் என்ன இருக்கிறது, அவர் சம்சாரம் சபுரா அக்கா பனியனில் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள், அதில் என்ன வரும், வீட்டு வாடகைக்கே காணாது, அதுவும் எனக்குத் தெரியும், எது தெரியாது எனக்கு.

மெக்கானிக் நல்லான் வந்து பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், ரேடியேட்டர் ஃபேன் ஜோராகச் சுற்றியது. ஃபேன் நல்லாத்தான் இருக்குதுங்க, அதுக்குக் கரண்டுதான் வரலை என்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் ஃபேனுக்கான இடம் காலி. “ஏனுங்க பாய், இதுல இருந்த ஃபியூஸ் எங்கீங்க?” பசீரண்ணன் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மஞ்சளாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு... பைத்தியமா இந்த மனுஷனுக்கு, கொதிக்கிற வண்டிக்கு ஃபேனைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருவார்களா? நல்லான் வண்டியை ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பேட்டரியில் மீட்டரை வைத்தார், பதினாலு வோல்ட் காட்ட வேண்டியது பன்னிரண்டிலேயே நின்றது. “சார்ஜே ஏறலைங்க. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரே போச்சு. அதைப் பார்க்காம ஃபேனக் கழட்டினா எப்படிங்க?” “ஃபேன் ஓடுனா பேட்டரி இறங்கிருது நல்லான். ஓடிட்டே இருந்தா காத்துலயே ஆறிக்கும். பேட்டரி இறங்கினாத்தான் தள்ளணும்... பொம்பளைங்களப் போயி மறுபடியும் தள்ளச் சொல்லி...” என்று இழுத்தார் பசீரண்ணன்.

போன மாதம் தள்ளினோமே, அப்போது நான்தான், “இன்னிக்கும் நாங்கதானுங்களாண்ணா இன்ஜினு?” என்றேன், வேனே சிரித்தது, அவரும்தான் சிரித்தார், சிரித்தாரா? அதைக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நடித்து வேறு காட்டினேன், பேக்கிங் ஆட்கள் வரைக்கும் போயிற்று, அதற்கப்புறம்தானே அருள்செல்வன் வேறு வண்டி என்றார்... நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன், எல்லோரையும் விட்டு எனக்கு, என்னிடம் கேட்டால் எல்லாம் வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். “எங்கீங்க அமராவதி? வண்டி மறுபடியும் மக்கர் பண்ணுதுங்களா?” “இல்லீங்க சார், டயர் பஞ்சருங்க. மாட்டியாச்சு, வந்துருவோம்.” யார் பேசியது, நானா? நல்லான் வண்டியை அணைத்து, ஃபியூஸைச் செருகிப் பெட்டியை மூடினார், திரும்பச் சாவியைத் திருப்பினால் டிக், டிக் மட்டும். யாரும் கூப்பிடவில்லை, நானே போய்ப் பின்கதவில் கையை வைத்தேன், மற்றவர்களும் வந்தார்கள், தகரம் வெயிலில் சுட்டது, எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள், இப்போது ஏதாவது சொல்வேன் என்று, நாக்கு நுனியில் ஒன்று இருக்கவும் இருந்தது. தள்ளினோம், உறுமியது, உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. பசீரண்ணன் பக்கக் கண்ணாடியில் ஒரு நொடி பார்த்தார், பின்னால் வந்த லாரியையா, என்னையா...