நூறாவது சொட்டு

மருந்து குப்பியின் அடியில் காய்ந்த கஞ்சிப் பருக்கை மாதிரி ஒட்டிக்கிடக்கும். தூங்கும் கிருமி, துணைக்குக் கொஞ்சம் பால்பொடி, ஜெலட்டின். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைத்தால் வாரக்கணக்கில் சமர்த்தாக இருக்கும். தண்ணீர் பட்டதோ, பொழுது சாய்வதற்குள் கோழிகளின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தீர்க்கவேண்டும். அப்புறம் அது செல்லாது.

ஊர்க் கோழிகளுக்கு மருந்து விடுகிறவன் நான். மூன்று நாள் பயிற்சி, ஒரு தொப்பி. பக்கத்து ஊரில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரு சேவல்கூட மிஞ்சவில்லை. அடுத்த குப்பி வர நாலு மாதமாகும். வீடு வீடாகப் போய் எண்ணினேன், சரியாக நூறு. ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில், ஆறவைத்த தண்ணீரில் நூறு சொட்டையும் கலக்கிவிட்டேன்.

வந்தவை பதினாலு.

"ஃபலேசி அக்கா, நேத்து உங்க வீட்ல ஒம்பது இருந்துச்சே?"

"கனவு கண்டிருப்ப."

அவள் இடுப்பில் சுற்றிய துணிக்குள் ஏதோ கொக்கரித்தது.

"வயிறு சரியில்ல தம்பி," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இன்று போதகர் கம்டுகுலே வருகிறார். எங்கள் மலாவியில் விருந்தாளிக்குக் கோழி அடிக்காமல் விடுவது மானக்கேடு. கண்ணில் படுகிற கோழி மாட்டும். அதனால் ஊரே கோழியை ஒளித்துவிட்டது. பார்த்துப் பார்த்து இந்த நாளைத் தேர்ந்தெடுத்த அறிவாளி நான்.

சர்ச்சுக்கு ஓடிப் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோழி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா."

"ரெண்டு மணி நேரம் சைக்கிள் மிதிச்சு வந்திருக்கேன் தம்பி. வழியெல்லாம் அந்த நெனப்புதான்."

ஆனாலும் ஜெபம் முடிந்ததும் எழுந்தார். "இந்த நிமிஷத்துலேர்ந்து எனக்குக் கோழி உபவாசம். ன்சீமாக் களியும் அவரைக்கொட்டையும் போதும்." சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

சர்ச்சு முரசுக்குள்ளிருந்தே இரண்டு கோழி வெளியே வந்தன. பிறகு கட்டிலடி, சோளக்குதிர், கவிழ்த்த கூடை. ஃபலேசி அக்காவின் வயிறும் குணமாயிற்று. போதகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோழி பிடித்துக் கொடுத்தார். வெயில் இறங்கும்போது தொண்ணூற்றொன்பது.

"இன்னும் ஒண்ணு யாரோடது?" என்றார்.

என் சேவல். குப்பியோடு வீட்டுக்கு ஓடினேன். அவரும் பின்னால் வந்தார். என் மனைவி எனெலெஸ் அடுப்படியில் நின்றாள்.

"காலையில ஒருத்தரும் கோழி தரல. ஊர் மானம் போயிடக்கூடாதேன்னு நம்மளதை அடிச்சிட்டேன்," என்றாள்.

போதகரின் மூக்கு விடைத்தது. "உபவாசமாச்சே," என்று முனகினார்.

"அதுவும் கலக்கின மருந்து மாதிரிதான் ஐயா. பொழுது சாஞ்சா செல்லாது," என்றேன்.

அவர் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். சூரியன் இருந்த இடத்தில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

பெரிய தொடையை அவர் தட்டில் வைத்துவிட்டு, கொல்லையில் குழி பறித்து என் சேவலின் சொட்டை ஊற்றி மூடினேன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான்.