கறுப்புச் செதில்

1961 பங்குனியில் மணப்பாறையில் மயிலம்மாளின் முதுகில் முறுக்குச் சட்டி எண்ணெய் கொட்டியது. அவள் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கல் சரிந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துபோனது.

வாடகைக் காரில் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் முகமது இஸ்மாயில் புண்ணைப் பார்த்தார். உடனே தோல் வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பின் நீரெல்லாம் அந்த வழியே போய்விடும் என்றார். அவளிடமிருந்தே தோல் எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. வேறு யாராவது தர வேண்டும்.

கணவன் செல்லக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் சொறி. அவன் தங்கை பொன்னுத்தாய் முன்னால் வந்தாள்.

"என் தொடையில எடுத்துக்கங்க."

குப்புறக் கிடந்த மயிலம்மாள் முனகினாள். "வேணாங்க டாக்டர். அவ தோலை வச்சா அவ வாயும் சேந்து வந்துரும்."

"வந்தா நல்லதுதான் அண்ணி. எங்க அண்ணனை நாலு கேள்வி கேக்க ஆளாச்சு."

ஒரே அடுப்பில் முறுக்கு சுட்டவர்கள். மாவில் உப்புக் கூடினால்கூட இருவருக்கும் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும்.

தோல் ஒட்டியது. வெளுத்திருந்தது மெல்லச் சிவந்தது. ரத்தம் உள்ளே ஓடத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். பொன்னுத்தாய் காலையில் நொண்டிக்கொண்டே வருவாள். "என் தோலு எப்படி இருக்கு?" என்பாள். பிறகுதான் அண்ணியைப் பற்றிக் கேட்பாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் தோலின் ஓரம் கறுத்திருந்தது. மயிலம்மாளுக்குக் காய்ச்சல்.

"உடம்பு தோலைத் தள்ளுது," என்றார் டாக்டர்.

பொன்னுத்தாய் வராந்தாவுக்கு வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவதான் தள்ளுறா. என்னைக் கண்டா ஆகாது. தோலைக்கூட ஆகாதுங்குறா."

"சும்மா இரு பொன்னு. மயக்கத்துல கிடக்குறா."

"மயக்கத்துலயும் தள்ளுறாளே!"

அது டாக்டர் காதில் விழுந்தது. "பெத்த தாய் தோலை வச்சாலும் தள்ளும்மா. உடம்போட குணம் அது."

அவள் நம்பவில்லை.

டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். இந்தத் தோல் இப்போதே போய்விட்டால் மயிலம்மாள் பிழைப்பது கஷ்டம் என்றார். ஒரு வழி இருக்கிறது. புற்றுநோய்க் கட்டிகளைச் சுட ஆஸ்பத்திரியில் ஓர் எக்ஸ்ரே இயந்திரம் உண்டு. அதை உடம்பு முழுக்கக் காட்டினால் உடம்பு தள்ளுவதை நிறுத்திவிடும். வெளிநாட்டில் மனிதர்களிடம் செய்து பார்க்கிறார்கள். இங்கே யாரும் செய்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் அவருடைய நண்பர் மீன்களிடம் செய்து பார்த்திருக்கிறார்.

"ஆபத்து உண்டு. யோசிச்சுச் சொல்லுங்க."

"பொன்னுகிட்ட கேளுங்க. அவ தோலு," என்றான் செல்லக்கண்ணு.

"இன்னிக்கே செய்யுங்க," என்றாள் பொன்னுத்தாய்.

"நான் முதல்ல அந்த மீனைப் பாத்துட்டு வரேன்."

"நானும் வரேன்."

சாயங்காலம் டாக்டரின் காரில் போனார்கள். திருவானைக்காவல் தாண்டியதும் அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மீனுக்கு எதுக்குங்க தோலு?"

"தோலில்லம்மா, செதில்."

வடக்குச் சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜனின் வீடு. கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருபவர். கோடை விடுமுறையில் கல்லூரி பூட்டிக்கிடந்தது. மீன்களை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி ரங்கநாயகி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ டாக்டர். பெருமாள் மச்சாவதாரம் எடுத்தாரோ, இந்தத் தொட்டியெல்லாம் பிழைச்சுதோ. இல்லாட்டா எப்பவோ வீதியிலே கிடக்கும்."

கொல்லைப்புற அறையில் கண்ணாடித் தொட்டிகள். ஸ்ரீரங்கராஜன் முதல் தொட்டியைக் காட்டினார். பொன்னிற மீன்கள்.

"இதுகளோட செதிலைப் பிடுங்கிட்டு அந்த இடத்திலே கறுப்பு மீனோட செதிலைச் செருகினேன். ஒரு வாரத்திலே காணோம். கரைஞ்சு போயிடுத்து. அதே மீனோட செதிலை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வெச்சேன். அப்படியே இருக்கு, பாருங்கோ."

அடுத்த தொட்டியில் ஒரே ஒரு மீன் நின்றது. அதற்கு எக்ஸ்ரே காட்டியிருந்தார்கள். பொன் உடம்பின் நடுவே மூன்று கறுப்புச் செதில்கள். அங்கேயே பிறந்தவை போலப் பளபளத்தன.

பொன்னுத்தாய் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தாள்.

"யாத்தே. ஒட்டியிருக்கு."

ஸ்ரீரங்கராஜன் மைக்ராஸ்கோப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். உடம்பு தள்ளிய செதில் ஒன்றைச் சாயம் போட்டு வைத்திருந்தார். அவளைப் பார்க்கச் சொன்னார். முதலில் அவளுக்குத் தன் இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு ஊதா நிறத்தில் புள்ளிகள். நூறா, ஆயிரமா, தெரியவில்லை. செதிலைச் சுற்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

"என்னங்க இது? தேர்க்கூட்டம் மாதிரி!"

"ரத்தத்திலே ஓடற வெள்ளை அணு. வேத்துச் சதை எதுவோ அதுமேலே வந்து விழும்."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. அதுகளே வரும்."

வேறொரு கண்ணாடித் துண்டை வைத்தார். எக்ஸ்ரே பட்ட மீனின் செதில். அதைச் சுற்றி வெறும் வெளி. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்.

"எக்ஸ்ரேல அதுகள்தான் முதல்லே சாகும்," என்றார்.

அவள் திரும்பவும் முதல் துண்டைக் கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதுங்க வர்றது மீனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மீன் பாட்டுக்குச் சாப்பிட்டுண்டு நீந்திண்டிருந்தது."

"அப்ப அண்ணிக்கும் தெரியாது."

அவள் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. கோயில் கதவு திறந்ததைப் பார்த்தவள்போல நின்றாள்.

"உள்ளுக்குள்ள இம்புட்டுப் பேரா?" என்றாள். பிறகு டாக்டரிடம், "அந்த மீனு மாதிரியே பண்ணிருங்க," என்றாள்.

டாக்டர் ஒற்றை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்ரே காட்டின மிச்ச மீனெல்லாம் எங்கே?"

ஸ்ரீரங்கராஜன் தயங்கினார். மூலையிலிருந்த மண்தொட்டியின் மூடியை எடுத்தார்.

நாலைந்து மீன்கள் செத்து மிதந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. செவுளில், கண்ணில், வாலில். கறுப்புச் செதில்கள் மட்டும் விழாமல் இருந்தன.

"பூஞ்சை. எல்லாத் தண்ணியிலேயும் இருக்கறதுதான். நல்ல மீன்கிட்டே அண்டாது. நேத்திக்குத்தான் இதுகளுக்கு வந்தது."

"நல்ல மீன்கிட்ட ஏன் அண்டாது?" என்றாள் பொன்னுத்தாய்.

"அதே கூட்டம்தான். செதிலைத் தள்றது எதுவோ அதுதான் இதையும் துரத்தறது. தனித்தனி ஆள் கிடையாது."

டாக்டர் கண்ணாடித் தொட்டிக்குத் திரும்பிப் போனார். ஒற்றை மீன் வாலை வீசித் திரும்பியது. துடுப்பின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"அவங்களுக்கு முதுகு பூரா புண்ணு," என்று தனக்குத்தானே சொன்னார்.

"டாக்டர், உங்க வூட்டுப் பொம்பளையா இருந்தா இதைச் செய்வீங்களா?" என்றாள் பொன்னுத்தாய்.

மீன் இன்னொரு சுற்று வந்தது.

"செய்ய மாட்டேன்."

"அப்ப வேணாம். தோலு போனாப் போவட்டும். அந்தக் கூட்டம் இருக்கட்டும்."

அதற்குப் பின் வந்த நாட்களில் தோல் முழுவதும் கறுத்துச் சருகானது. காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. செல்லக்கண்ணு வராந்தாவிலேயே படுத்தான். பொன்னுத்தாய் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். சத்தம் இல்லாமல் நடப்பதுதான் வியப்பாக இருந்தது.

ஒரு காலை காய்ச்சல் விட்டது. டாக்டர் இடுக்கியால் சருகைத் தூக்கினார். அடியில் செக்கச்செவேலென்று சதை. சீழ் இல்லை. சருகு பிரிந்த இடத்தில் குண்டூசி முனைபோல ரத்தம் பூத்தது.

"மாஷா அல்லா," என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் மூடி வச்சதே போதும். இனி அவங்க தோலையே எடுக்கலாம்."

மயிலம்மாள் தலையைத் திருப்பினாள். "அவ தோலு போயிருச்சா?"

"போயிருச்சு அண்ணி."

"நான் ஒண்ணும் பண்ணல பொன்னு."

"தெரியும்."

"என்னடி தெரியும் உனக்கு?"

"தெரியும்ங்குறேன்ல. பேசாமப் படுங்க. தெம்பு வந்ததும் சண்டை போடலாம்."

மயிலம்மாளின் தொடையிலிருந்தே தோல் எடுத்து வைத்தார்கள். வைகாசியில் கட்டைப் பிரித்தார் டாக்டர். தோல் ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்தார். சிவந்தது.

"தொடலாங்களா?" என்றாள் பொன்னுத்தாய்.

"கூடாது."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மீண்டும் கட்டுப் போடும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.