ஒன்பதாவது ராடு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா மகள் யுவஸ்ரீ பரமத்தி வேலூரிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, கவினுக்கு நீங்க வாங்கிக் குடுத்தீங்கல்ல, அந்த ரிக்கு வண்டி. அதுல ஒரு காந்தத்தக் காணமுங்க."

கவின் அவள் மகன். வயது இரண்டே கால். நான் நாமக்கல்லில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் குற்றச்சாட்டு துளியும் இல்லை. அது இல்லாததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

(காபியைக் கதையிலிருந்து அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கதைகளில் கெட்ட செய்தி வரும்போதெல்லாம் யாராவது காபி குடிக்கிறார்கள். ஆனால் நான் உண்மையிலேயே குடித்தேன். இருக்கட்டும்.)

2

பொம்மையை விளக்காமல் மேலே போக முடியாது. விளக்க எனக்கு ஆசையும்கூட.

ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் அதுதான் பெரிய தொழில். ராடு என்கிற இரும்புக் குழாய் பூமிக்குள் முழுதாக இறங்கியதும் அதன் தலையில் அடுத்த ராடைத் திருகி மாட்டுவார்கள். அது இறங்கியதும் இன்னொன்று. பொம்மையிலும் அதே வேலைதான். மர லாரி, தூக்கி நிறுத்தும் கோபுரம், சுண்டுவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் ராடுகள். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு முனை கறுப்பு. அதற்குள் பச்சைப் பயறு அளவில் ஒரு காந்தம். மறுமுனையில் இரும்பு வளையம். கிட்டே கொண்டுபோனால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். (இரண்டு முனையிலும் காந்தம் வைத்தால் சில சமயம் ஒன்றையொன்று தள்ளும். இரும்பு வளையம் தள்ளாது. செய்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.)

அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். கடையில் நின்று நாலு தடவை ஒட்டிப் பார்த்தேன், ஐம்பத்தாறு வயதில்.

3

கதைக்கு எழுதிய தொடக்கங்கள்:

அ. "திருச்செங்கோட்டில் ஒரு பேராசைக்காரன் இருந்தான். குழந்தைகளின் உயிரைப் பற்றி அவனுக்கு—"

விட்டுவிட்டேன். செய்தவரை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை.

ஆ. "அந்தப் பொம்மையில் லேபிளே இல்லை. யார் செய்தது, எத்தனை வயதுக்கு, உள்ளே என்னென்ன இருக்கிறது, ஒரு எழுத்து இல்லை."

இது நல்ல தொடக்கம். இதில் நியாயமான கோபம் இருக்கிறது. வாசகர் உடனே என் பக்கம் வந்துவிடுவார். இதையே வைத்துக்கொள்கிறேன்.

4

யுவஸ்ரீ மகனை உள்ளூரிலேயே ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படம் எடுத்தார்கள். வயிற்றில் ஒரு சின்ன வட்ட நிழல். கவின் அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை; ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கப் பார்த்தானாம்.

டாக்டரம்மா சொன்னதை யுவஸ்ரீ என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்கிறேன். ஒரு காந்தம் என்றால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். இரண்டு என்றால் கதையே வேறு. குடல் மடிந்து மடிந்து கிடக்கிறது. ஒரு மடிப்பில் ஒரு காந்தம், பக்கத்து மடிப்பில் இன்னொன்று இருந்தால், நடுவில் இருக்கும் குடல் சுவரோடு சேர்த்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாது. ஓட்டை விழும். குழந்தைக்கு முதலில் வலிகூடத் தெரியாது. படத்தில் நேராகப் பார்த்தால் ஒட்டிக்கொண்ட இரண்டும் ஒன்று போலவே தெரியலாம். பக்கவாட்டில் எடுத்த படம் அவன் துள்ளியதில் கலங்கிவிட்டது.

அதனால் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "மொத்தம் எத்தனை இருந்துச்சு? நிச்சயமாத் தெரியணும். ஒண்ணுன்னா இங்கயே வச்சுப் பாத்து மூணு மணிக்கு மறுபடி படம் எடுப்போம். ரெண்டா இருக்கலாம்னு சந்தேகம் வந்தாக்கூட உடனே சேலம் போயிரணும்."

யுவஸ்ரீ ராடுகளை எண்ணியிருந்தாள். எட்டு. ஏழில் காந்தம் இருந்தது. ஒன்றில் வெறும் குழி.

"மொத்தம் எட்டுத்தானுங்களா மாமா?"

"எட்டேதான்" என்றேன்.

"நல்லாத் தெரியுமுங்களா?"

"தெரியும் சாமி."

[இந்த இடத்தில் கவனமான வாசகர் என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் படவில்லை என்றால் அது என் எழுத்துத் திறமை. அதில் எனக்குப் பெருமை இல்லை.]

5

வண்டியை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினேன். பொம்மை விற்ற கடைக்காரர் வாயாலும் 'எட்டு' என்று கேட்டுவிட வேண்டும். போகிற வழி முக்கால் மணி நேரம். அதற்குள் உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன்.

பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் ஒரு சின்ன உருளை உண்டு. வாய் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சாய்வாக இருக்கும். சின்னக் குழந்தையின் தொண்டைக்கு அதுதான் மாதிரி. பொம்மையின் ஒரு துண்டை அதற்குள் போட வேண்டும், அழுத்தக் கூடாது. ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டபோது முழுதாக உள்ளே போய்விட்டால் அது மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது. பொம்மையைக் கீழே போட்டு, திருகி, இழுத்து, அதன் பிறகு உதிர்வதையும் போட்டுப் பார்ப்பார்கள். ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான கருவியை நான் பார்த்ததில்லை.*

* வலுவான சிறு காந்தத்துக்கு விதி இன்னும் கடுமை. கழன்று வருமானால், 'மூன்று வயதுக்கு மேல்' என்று எழுதி ஒட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

லேபிள் என்றால் எச்சரிக்கை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு வண்டி ஓட்டும்போதுதான் புரிந்தது. லேபிளில் முக்கியமானது எச்சரிக்கை இல்லை, முகவரி. ஒன்று நடந்துவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு—

6

கடை, ரிக் உதிரிபாகம் விற்கும் கடை. கொக்கியில் பெல்ட்டுகளுக்கு நடுவே பொம்மை ரிக்குகள் தொங்கும். முதலாளி ஆனந்தகுமார் என்னைக் கண்டதும் எழுந்து, பொம்மைகளைக் கழற்றிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார்.

"எதுக்குங்க எடுக்கறீங்க?"

"சும்மாதானுங்க. நீங்க ஆபீஸருங்களா?"

"நான் போன வாரம் உங்ககிட்ட வாங்கினவன்."

"வாங்கீட்டுப் போயி கேசு போடறவங்களும் இருக்கறாங்கல்லங்க." நாட்டில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மேல் தட்டில் முத்திரை போட்ட பெட்டிகளும் வைத்திருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முத்திரையோடு இருக்க வேண்டிய உரிம எண்ணைக் காணோம். எண் இருந்தால் போனிலேயே சரிபார்க்கலாம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "கொழந்தைக்குங்களா?"

"செஞ்சவர் யாருங்க? பொம்மைல லேபிளே இல்லை."

ஆனந்தகுமார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, லேபிள் ஒட்டித்தான குடுத்தேன்? நீங்கதான இதே எடத்துல நின்னு, கிப்டுல வெல தெரியக் கூடாதுன்னு சொரண்டுனீங்க. வரமாட்டீங்குதுன்னு நாந்தான தண்ணி தொட்டுக் குடுத்தேன்!"

கல்லாவுக்குக் கீழே இருந்து இன்னொரு வண்டியை எடுத்துக் காட்டினார். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த ஸ்டிக்கர். விலை. ராடு: 8. மூன்று வயதுக்கு மேல். சடையன், தெருப் பெயர், போன் நம்பர். முத்திரை இருந்த பெட்டியில் ஆளைக் காணோம். ஆள் இருந்த ஸ்டிக்கரில் முத்திரையைக் காணோம்.

[தொடக்கம் ஆ-வை இப்போது அடிக்க வேண்டும். அடிக்காமல் விடுகிறேன். பொய்யும் கண்ணுக்குத் தெரியட்டும். எட்டு என்று எனக்கு எப்படித் தெரிந்தது? சுரண்டும்போது படித்திருக்கிறேன். அதற்குக் கீழே இருந்த, மூன்று வயதுக்கு மேல் என்ற வரியையும் படித்திருப்பேன் அல்லவா?]

7

சடையன் வீடு இரண்டு தெரு தள்ளி. போன் செய்தால் ஓடிவிடுவார் என்று நினைத்து நேரே போனேன். அறுபது வயது இருக்கும். வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தன.

"நா பொம்மையெல்லாம் செய்யறதில்லீங்க" என்றார். அவருக்குப் பின்னால் பதினைந்து மர லாரிகள் மஞ்சள் பெயிண்ட் பூசி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"நான் ஆபீஸர் இல்லைங்க. எங்க புள்ளை காந்தத்தை முழுங்கிட்டான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்ன வயசுங்க?"

"ரெண்டேகால்."

"மூணுக்கு மேலன்னு எழுதிருந்தனேங்க."

நான் மணியைப் பார்த்தேன். (வாசகரே, இந்த மௌனத்தைக் கவனியுங்கள். ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருக்கலாம்.) மணி ஒன்றேகால்.

"ஒரு வண்டிக்கு எட்டு ராடுதானுங்களே?"

"எழுதறது எட்டுங்க. குடுக்கறது ஒம்போது."

"என்னது?"

"இருவது வருசம் ரிக்குல ராடு மாத்துனவனுங்க நானு. ஸ்பேர் ராடு இல்லாம எந்த வண்டியாச்சும் கெளம்புமுங்களா? அடில கிளிப்பு வெச்சு ஒண்ணு மாட்டியுட்டிருப்பேன். ஊட்டுக்குப் போயி புள்ளைங்க கவுத்துப் பாத்துச்சுன்னா சந்தோசப்படுமில்லைங்க."

"அப்ப ஒன்பதுன்னு எழுத வேண்டியதுதானே?"

அவர் என்னை விவரம் தெரியாதவனைப் போலப் பார்த்தார். "எழுதுனா அது கணக்குல வந்துருமில்லைங்க. அப்புறம் என்ன ஸ்பேரு?"

பொய்யோ என்று சந்தேகப்பட்டு, முடிந்து கிடந்த ஒரு வண்டியைக் கவிழ்த்தேன். கிளிப்பில் ஒன்பதாவது ராடு இருந்தது. நாலு தடவை ஒட்டிப் பார்த்த நான், ஒரு தடவைகூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

8

கவினோடு அவன் அப்பா சிவக்குமார் மருத்துவமனையில் இருந்தார். மாற்றுத் துணி எடுக்க யுவஸ்ரீ வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன். சடையன் பக்கத்தில் நின்றார்.

"யுவா, வண்டியைக் கவிழ்த்துப் பாரு. அடியில ஒரு கிளிப் இருக்கும்."

"இருக்குதுங்க மாமா. காலியா இருக்குது."

"அதுல ஒரு ராடு இருந்திருக்கு."

கட்டில் நகரும் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். ஐந்து நிமிடம் கழித்து, "மாமா, பீரோவுக்கு அடில என்னமோ கெடக்குதுங்க. டார்ச் அடிக்கறேன். ராடுதானுங்க."

"கறுப்பு முனை எந்தப் பக்கம்?"

"என்னப் பாத்துத்தான் கெடக்குது. காந்தமா குழியான்னு தெரியல, ஒரே இருட்டு. கை போகமாட்டீங்குதுங்க."

சடையன் போனை நோக்கிக் குனிந்தார். "ஏஞ் சாமி, அது பீரோ காலோட ஒட்டீருக்குதா?"

"இல்லீங்க. தள்ளித்தான் கெடக்குது. நாலு வெரக்கடை இருக்கும்."

சடையன் என்னைப் பார்த்தார். நாலு விரற்கடை தூரத்திலிருந்து இழுக்கும் பலம் அந்தக் காந்தத்துக்குக் கிடையாது. ஆகவே அது ஒட்டாமல் கிடப்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இரும்புத் தோசக்கரண்டி இருக்குதா சாமி? அத உள்ள உட்டு அந்தக் கறுப்பு முனையத் தொடு. காந்தம் இருந்துச்சுன்னா டக்குன்னு புடிச்சுக்கும்."

அவள் அடுப்படிக்குப் போகும் கொலுசுச் சத்தம் கேட்டது. திரும்பி வரும் சத்தமும்.

9

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் 'டக்' கேட்கிறது. குழந்தையின் வயிற்றில் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அது வெளியே வருகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நகத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. லேபிளைச் சுரண்டியது ஒரு சின்ன விஷயமாகிவிடுகிறது.

இரண்டாவதில் கேட்கவில்லை. சிவக்குமார் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் சேலத்துக்குப்—

இதை முடிக்க முடியவில்லை. ஆனால் முடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். தொடக்கம் அ திரும்பி வந்துவிடும். உரிமம் இல்லாமல், சோதனை இல்லாமல் விற்றவர், எட்டு என்று எழுதி ஒன்பது கொடுத்தவர் என்று எல்லாரும் சடையனைத்தான் பார்ப்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

இரண்டு முடிவிலும் நான் தப்பித்துவிடுகிறேன் என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு இவ்வளவு வசதியாக அமையும் முடிவை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. தெரிந்த முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் எல்லாத் தவறும் அளவு மாறிவிடுகிறது. அந்த நிமிடத்தில் அதன் அளவு என்னவோ, அதோடு உங்களை விட்டுவிட்டுப் போகிறேன்.

தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள் யுவஸ்ரீ. கரண்டி சிமெண்டில் உரசிக்கொண்டு உள்ளே போகிறது. திருச்செங்கோட்டில் பாதி விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார். நான் போனைக் காதோடு அழுத்துகிறேன், ஸ்பீக்கரில்தான் இருக்கிறது என்பதை மறந்து.

"தொட்டுட்டேனுங்க மாமா" என்கிறாள்.