மச்சினன் பேரில் ஒரு கேம்பர்வேன்

“உன் பேர்ல இருந்தா அது உன் வேனாயிடுமாடா? உள்ள படுக்கறது நாங்க, சமைக்கறது நாங்க. கூரை ஒடஞ்சா அழறதும் நாங்கதான!”

“அப்பறம் என்னாத்துக்குக்கா என் பேர்ல எழுதுன? நானா வந்து கேட்டேன்? சனி, சனின்னு நீதான என் தலையில கட்டுன!”

சுகுமாறன் வேனின் கூரைமேல் மண்டியிட்டு, உடைந்துபோன காற்று மூடியைச் சுற்றி சிலிக்கான் பூசிக்கொண்டிருந்தார். கீழே வாசலில் கத்திக்கொண்டிருந்தது அவர் மனைவி தனலெட்சுமியும் அவளுடைய தம்பி மகேந்திரனும். அவர் மேலே இருப்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அக்காளும் தம்பியும் ஆரம்பித்துவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

ரந்தா ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் வீடமைப்பில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர் சுகுமாறன். ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, வெயிலுக்கு இழுத்துவிடும் படுதா என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே செய்து கேம்பர்வேன் ஆக்கிவிட்டார். லீவு விட்டால் போர்டிக்சன் கடற்கரைதான். தனலெட்சுமி வேனுக்குள்ளேயே நெத்திலி சம்பல் கிண்டுவாள். பக்கத்தில் நிறுத்தியிருப்பவர்கள் வாசனை பிடித்துத் தட்டோடு வருவார்கள்.

வேன் வாங்கிய சமயம் சுகுமாறனுக்கு ஏழரைச் சனி. “இந்த நேரத்துல இவரு பேர்ல இரும்பு வாங்கக் கூடாது” என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தனலெட்சுமிக்கோ லைசென்ஸ் கிடையாது. மகள் திலகாவுக்கும் அதே ராசி. குடும்பத்தில் நல்ல நேரம் நடப்பது மகேந்திரனுக்கு மட்டும்தான் என்று முடிவாகி, வேன் அவன் பேரில் பதிவானது. முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சம்பழத்தை டயரில் வைத்து நசுக்கியபோதுகூட ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது மகேந்திரன்தான். அதன் பிறகு அவன் அந்த வேனைத் தொட்டதே இல்லை.

தொடவில்லையே தவிர, சாலை வரியான ரோட்டெக்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பிப்பது அவன் பொறுப்பு. பேர் அவனுடையதாயிற்றே. சுகுமாறனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மச்சினன் நமக்காக இவ்வளவு செய்கிறான், அதில் நோண்டினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

போன மாதம் போர்டிக்சனில் காற்றடித்தபோது சவுக்கு மரக்கிளை ஒன்று முறிந்து கூரைமேல் விழுந்தது. இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று மகேந்திரனுக்குப் போன் போட்டார்.

“அது தேர்ட் பார்ட்டி மட்டும்தான் மாமா. நாம யாரையாச்சும் இடிச்சா அவங்களுக்குக் குடுப்பாங்க. நம்ம வேனுக்கு ஒண்ணும் கெடைக்காது.”

சுகுமாறன் சரி என்று போனை வைத்துவிட்டார். தனலெட்சுமி வைக்கவில்லை. இன்று வாசலில் நடப்பது அதன் மிச்சம்தான்.

இந்த ஒரு மாதத்தில் சுகுமாறன் சும்மா இருக்கவில்லை. நல்ல பாலிசி எது, யாரை நம்பலாம் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். முதலில் பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து ஒருவனைக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

“கட்டில் போட்டிருக்கேன் தம்பி.”

“கவர் ஆவும் பாஸ்.”

“கேஸ் அடுப்பு இருக்கு.”

“அதும் கவர்லா பாஸ். கவலையே படாதீங்க.”

சுகுமாறனுக்குச் சந்தேகம் தட்டியது. “பின்னால கதவத் தெறந்து பலகாரக் கடை போட்டு ஏவாரம் பண்றேன்” என்று பொய்யாக ஒன்றை எடுத்துவிட்டார்.

“மசாலா இல்ல பாஸ், எல்லாமே கவர்!” மலாயில் மசாலா என்றால் பிரச்சினை.

ஒரு கேள்விகூட திருப்பிக் கேட்காதவன், நாளைக்கு வண்டி எரிந்து நின்றால் எல்லாக் கேள்வியும் அன்றைக்குத்தான் கேட்பான். சுகுமாறன் அந்த நம்பரை அழித்துவிட்டார்.

அடுத்து, கடற்கரையில் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த ஒருவர் ஜெனவீவ் என்ற பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். போர்டிக்சனில் ஒரு கடை மாடியில் அவளுக்குச் சின்ன ஆபீஸ். மாட்டியிருந்த ஏசு படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அடுப்பை யார் மாட்டியது? கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், வெளியே இருக்கிறதா, உள்ளேயா? வேனை மாற்றிக் கட்டியது ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகியிருக்கிறதா? கடைசியாக, “கிராண்ட் யாரு பேர்ல அங்கிள்?” என்றாள். வண்டிப் பதிவு அட்டையைத்தான் இங்கே எல்லாரும் கிராண்ட் என்பார்கள்.

“மச்சினன் பேர்லம்மா.”

“வேன் அவரோடதா?”

“இல்ல. என்னோடதுதான்.”

ஜெனவீவ் பேனாவை மூடி வைத்தாள். “அப்ப என்னால பாலிசி போட முடியாது அங்கிள். வேன் போச்சுன்னா காசு அவரு பேர்லதான் வரும், ஒங்க பேர்ல வராது. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வேனே அவரு குடும்பத்துச் சொத்து. மொதல்ல பேர மாத்திட்டு வாங்க. மாத்திக் கட்டுனதுக்கு ஜேபிஜேல ஒப்புதல் வாங்குங்க. அடுப்பு, கட்டிலு எல்லாத்தையும் போட்டோ எடுத்துத் தாங்க, பாலிசியிலயே எழுதிடுவோம். மரம் விழறது, வெள்ளம் இதெல்லாம் சாதாரண முழு இன்சூரன்ஸ்ல இருக்காது, தனியா சேக்கணும். அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாளே! மாடிப்படி இறங்கும்போதே சுகுமாறன் முடிவு செய்துவிட்டார், எடுத்தால் இந்தப் பெண்ணிடம்தான்.

ஆனால் அதற்கு மகேந்திரனிடம் போய், “பேரைத் திருப்பிக் கொடு” என்று கேட்க வேண்டும். அதைத்தான் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். தை மாதம் திலகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்கு வர முடியாது. திலகாவுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் இவன்தான். “என்மேல நம்பிக்கை இல்லையா மாமா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான் என்றால், எந்த இன்சூரன்ஸ் அதைக் கட்டிக்கொடுக்கும்? இன்றுவரை தனலெட்சுமியிடம்கூட ஜெனவீவ் சொன்னதைச் சொல்லாமல் வைத்திருந்தார்.

கீழே சத்தம் ஏறிக்கொண்டே போனது. இனியும் கூரைமேல் உட்கார்ந்திருப்பது அழகில்லை. ஏணியில் இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“மாப்ள, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. வேன என் பேருக்கு மாத்திக் குடுத்துடறியா?”

மகேந்திரன் அவரையே பார்த்தான். பிறகு வேனை ஒரு சுற்று சுற்றி வந்தான். பின் கதவைத் திறந்து, அடுப்பைப் பார்த்தான், கட்டிலை அமுக்கிப் பார்த்தான். முடிந்தது, மாலை எடுத்துக் கொடுக்க இனி ஆள் தேட வேண்டியதுதான் என்றே சுகுமாறன் நினைத்துவிட்டார்.

“இத்தன நாளா ஏன் மாமா கேக்கல?” மகேந்திரன் கேட்டான்.

“நீ தப்பா நெனைச்சுக்குவன்னுதான்.”

“நான் தப்பா நெனைக்கறதா! நீங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போனா எனக்குத் தூக்கமே வராது, தெரியுமா? அக்கா வாட்சப்ல சம்பல் போட்டோ போட்ட பொறவுதான் அப்பாடான்னு படுப்பேன். கேஸ் தோம்ப வச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்தறீங்க. எவனாச்சும் மேல மோதி வெடிச்சா மொதல்ல கோர்ட்டுக்குக் கூப்புடறது என்னையத்தான். கேமரால புடிச்ச சம்மன் என் வூட்டுக்கு வருது, எம் பொண்டாட்டி பாக்கறா பாருங்க ஒரு பார்வ! எடுத்துக்குங்கன்னு நானாச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னுதான் வாயத் தெறக்கல.”

“அப்ப எதுக்குடா தேர்ட் பார்ட்டி போட்ட?” தனலெட்சுமி விடவில்லை.

“முழுசாப் போட்டா உள்ள என்னா இருக்குன்னு கேப்பாங்கல்லக்கா. அடுப்பு இருக்குன்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா? சொன்னா ஒத்துக்குவாங்களான்னு பயம். மறைச்சா நாளைக்கு மாட்டிக்குவேன். யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல. எடுத்துக்குங்க மாமா, புண்ணியமாப் போவும். திங்கக்கெழமையே ஜேபிஜே போலாம், நான் லீவு போடறேன்.”

சுகுமாறனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சினன் கோபித்துக்கொள்வான் என்று அவர் பயந்தார், மாமா கோபித்துக்கொள்வார் என்று அவன் பயந்திருக்கிறான். நடுவில் வேன் மட்டும் ஆதரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜெனவீவ் சொன்னதையெல்லாம் அப்போதுதான் இருவருக்கும் விளக்கினார்.

ஆனால் தனலெட்சுமி தலையாட்டவில்லை. “ஏங்க, சனி இன்னும் முடியலையே.”

“அப்ப இடிச்சா நான் மாட்டிக்கிட்டாப் பரவால்லயா?” என்றான் தம்பி.

“உனக்கு நல்ல நேரம்டா, ஒண்ணும் ஆவாது.”

“மரக்கெளை விழுந்துச்சே அக்கா! என் பேர்ல இருக்கும்போதுதான விழுந்துச்சு!”

தனலெட்சுமி உள்ளே போய் டீ கலக்கி மூன்று பேருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். ஏழரைச் சனியில் சொந்தப் பேரில் வண்டி எழுதி நல்லபடியாக ஓட்டினவர்கள் நாலு பேர் வாயால் சொல்லட்டும், சரி என்கிறேன் என்றாள். அதுவரை சனிக்கிழமைதோறும் எள் விளக்கு. வேன் வாசலைத் தாண்டக் கூடாது. மகேந்திரன் லீவை மட்டும் ரத்து செய்யவில்லை.

வேன் இப்போது வாசலில்தான் நிற்கிறது. சிலிக்கான் காய்ந்துவிட்டது, மழை ஒழுகவில்லை. எங்கே சுகுமாறன் அவசரப்பட்டு ஓட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று சாவியைத் தனலெட்சுமி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி. சனி நடக்கும்போது உங்கள் பேரிலேயே வண்டி வாங்கியிருக்கிறீர்களா? அல்லது இவர்களைப் போல வேறு யார் பேரிலாவது எழுதி, இன்சூரன்ஸ் கேட்கப் போனபோது திண்டாடியிருக்கிறீர்களா? நல்லதோ கெட்டதோ, நடந்ததை அப்படியே கீழே எழுதுங்கள். தனலெட்சுமி ஒன்று விடாமல் படிப்பாள். திங்கட்கிழமைக்குள் எழுதினால் நல்லது.