மெம்பர் வீட்டுச் சனிக்கிழமை

சனிக்கிழமை என்றால் ஆண்டியப்பனுக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். பதினேழு வருடமாக அப்படித்தான். மற்ற நாட்களில் அவர் கொட்டகலை பஜாரில், தபாற்கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, தோட்டத்து ஜனங்களுக்கு மனு எழுதுகிறவர். சனிக்கிழமையில் மட்டும் பார்லிமெண்ட் மெம்பர் ஹப்புகொடவுக்கு வாயும் காதும் அவர்தான். மெம்பருக்குத் தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும். அதில் இரண்டு வசவு.

அன்றைக்கும் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் நின்றார். மழை விடுகிற மாதிரி இல்லை. உள்ளேயிருந்து மனைவி வீரம்மா கேட்டாள்.

"இன்னைக்காவது கேப்பீங்களா?"

"பாப்போம்."

"மேடைக்கு மேடை ஏறி 'உங்க பொன்னான வோட்ட'ன்னு ஊருக்கே கத்துறீங்க. ஒங்க வோட்டு எங்கங்க?"

அவர் கோட்டு உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட ஃபைலைத் திரும்பத் திறக்கக் கேட்கும் மனு அதில் இருந்தது. மெம்பரின் கடிதம் ஒன்று கூடப் போனால் அதற்கு ஒரு கனம் வரும். மனுவை எழுதி ஒன்பது வருடமாகிறது. மடிப்புகளில் கிழிந்ததால் இரண்டு தடவை புதிதாக எழுதிவிட்டார். கேட்கத்தான் இல்லை.

கேட்க முடியாததற்குக் காரணம் இருந்தது. நாற்பத்தேழில் மெம்பர் முதன்முதலில் நின்றபோது கிராமத்துச் சிங்கள வோட்டும் தோட்டத்துத் தமிழ் வோட்டும் சேர்ந்துதான் அவரைத் தூக்கிவிட்டன. அடுத்த இரண்டு வருடத்தில் தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் வந்தன. லயங்களில் இருந்த வோட்டெல்லாம் போயிற்று. மெம்பர் போகவில்லை. ஐம்பத்திரண்டிலும் ஐம்பத்தாறிலும், அறுபதில் இரண்டு தடவையும், கிராமத்து வோட்டை மட்டும் வைத்துக்கொண்டே ஜெயித்தார். இதற்குள் மூன்று கட்சி மாறிவிட்டார். ஒவ்வொரு தேர்தல் அன்று சாயங்காலமும் ஆண்டியப்பனின் தோளில் தட்டி, "போட்டாச்சா?" என்பார். "ஆச்சு மாத்தயா" என்பார் ஆண்டியப்பன். முதல் தடவை வாய் தவறி வந்த பொய். அடுத்த தடவை அதை மாற்ற முடியவில்லை. நாலாவது தடவை அது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பொய்யில்தான் அவருடைய நாற்காலி நின்றது. மெம்பர் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் தொகுதியின் வாக்காளர் இடாப்பு. வருகிறவர்களின் பெயரை அவர் இடாப்பில் தேடுவார். இருந்தால் விறாந்தையில் பெஞ்சு. இல்லாவிட்டால் முற்றத்துக்கு அப்பால் ஜீப் ஷெட்டில் நிற்க வேண்டும். பெஞ்சு காலியான பிறகு மெம்பருக்கு நேரமிருந்தால் ஷெட்டைப் பார்ப்பார். இந்த ஒழுங்கை யார் வகுத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆண்டியப்பன் மறக்கவில்லை. அவர்தான் வகுத்தார், ஐம்பத்திரண்டில், கூட்டத்தைச் சமாளிக்க.

அன்று ஷெட்டில் இரட்டைக் கூட்டம். இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பேசிக்கொள்வார்களாம். யார் எந்தக் கணக்கில் என்று யாருக்கும் தெரியாது. கம்பளிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழைச்சாரலில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"என்னாங்கய்யா," என்று ஷெட்டிலிருந்தே கூப்பிட்டாள் வேலாயி, "நம்மளக் கப்பல்ல ஏத்தப் போறாங்களாமே? எனக்குப் பஸ்ஸுலயே வாந்தி வரும்."

சிரித்தார்கள். ஆண்டியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலாயியின் பிரஜாவுரிமை மனு ஐம்பத்தொன்றில் அவர் எழுதியது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினவர்களுக்கு ஏது பதிவுச் சான்று? அதனால், "கல்யாணப் பத்திரிகைய வச்சு அனுப்புங்க, அதுதான் சாட்சி" என்று எல்லோருக்கும் அவர்தான் யோசனை சொன்னார். தன் பத்திரிகையையும் வைத்தார். பத்திரிகை என்றால் மாப்பிள்ளை பெயருக்கு மேலே பூர்வீக ஊர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சொந்தக்காரன் கையில் வாங்கமாட்டான். அவருடையதிலும் 'திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவருடைய பாட்டனாரின் அப்பா விட்டுவந்த ஊர். ஆண்டியப்பன் கடலையே பார்த்ததில்லை. விசாரணை அதிகாரி அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, "உன் ஊரை நீயே அச்சடித்துத் தந்திருக்கிறாயே" என்றார். அவர் யோசனையைக் கேட்டு நடந்த முப்பத்தொரு குடும்பத்தின் ஃபைலிலும் அதே சிவப்புக் கோடு.

இடாப்பைப் புரட்டினார். பெஞ்சில் கிராமத்து ஆட்கள் ஆறு பேர். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்த பஜார் முதலாளி சுப்பிரமணியம், லைசென்ஸ் விஷயமாக. மெம்பர் வெளியே வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியும் நிமிர்ந்த முதுகு. "பதினொன்றுக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். சீக்கிரம்" என்றார் சிங்களத்தில்.

மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருந்தபோது மெம்பர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்தக் கறுப்புக் கம்பளிக்காரி உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே. யார் அவள்?"

ஆண்டியப்பன் நிமிர்ந்தார். வேலாயிக்குப் பின்னால் வீரம்மா. அன்றைய கூலிப் பேரை விட்டுவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"அது... அந்த வேலாயியோட..." என்று தொடங்கினார். வீரம்மா அசையவில்லை. கம்பளி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் சம்சாரம், மாத்தயா."

"உன் மனைவி ஏன் ஷெட்டில் நிற்கிறாள்? பெஞ்சில் வந்து உட்காரச் சொல்."

"அவளுக்கு வோட்டு இல்லை, மாத்தயா." இடாப்பை மூடினார். "எனக்கும் இல்லை."

சுப்பிரமணியம் முதலாளி குடையின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார் மெம்பர்.

ஆண்டியப்பனுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாயிருந்தது.

"ஐம்பதாம் வருஷத்து இடாப்பிலேயே பார்த்தேன். உன் பெயர் இல்லை. நீ மட்டும்தான் அந்தப் புத்தகத்தைப் படிப்பதாக நினைத்தாயா?" குரலில் கோபம் இல்லை. "வோட்டு உள்ளவனை அந்த நாற்காலியில் வைத்திருந்தால் மாதம் ஒரு காரியம் கேட்பான். நீ ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் வசதியாக இருந்தது."

"கேட்டிருந்தா?"

"ஐம்பத்தைந்தில் கேட்டிருந்தால் ஒரு வாரத்து வேலை. பிரஜாவுரிமைக் கந்தோரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இப்போது இரண்டு சர்க்கார் உட்கார்ந்து தலையை எண்ணிவிட்டார்கள். என் கடிதம் வெறும் கடிதம்தான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுது. போகும்போது கையெழுத்துப் போடுகிறேன்." எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆண்டியப்பன் காகிதத்தை எடுத்தார். ஊராருக்காக ஆயிரம் கடிதம் எழுதிய கை, மெம்பரின் கடிதத்தில் முதல் தடவையாகத் தன் பெயரை எழுதியது. பிறந்த இடம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் நம்பரையும் எழுதினார். கீழே வீரம்மாவின் பெயர். அதற்குக் கீழே காகிதம் வெறுமையாகக் கிடந்தது. நிமிர்ந்து ஷெட்டைப் பார்த்தார். பிறகு காகிதத்தையும் பேனாவையும் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, மழையில் முற்றத்தைக் கடந்தார்.

"என்னா ஆண்டியப்பன், நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்ல?" என்றார் முதலாளி.

"உக்காந்துகிட்டுத்தான மொதலாளி காத்துருக்கீங்க."

ஷெட்டில் ஜீப்பின் முன்மூடிமேல் காகிதத்தை விரித்தார். "பத்திரிகை வச்சு அனுப்புனவங்க எல்லாம் பேரச் சொல்லுங்க. எங்க பொறந்தீங்கன்னு சொல்லுங்க. எந்தத் தோட்டம், எந்த டிவிசன்னு. வேற ஊரு எதுவும் வாயில வரக் கூடாது."

வேலாயி முதலில் சொன்னாள். பிறகு ராக்காயி, செல்லசாமி, அழகம்மா. இருபத்திரண்டு குடும்பம் வரை எழுதியபோது டிரைவர் ஜீப்பில் ஏறி ஹார்ன் அடித்தான். ஜீப் ஷெட்டில் நின்றதால் மெம்பரும் அங்கேதான் வர வேண்டியிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"இத்தனை பேருக்கா?"

"கையெழுத்து ஒண்ணுதான், மாத்தயா."

மெம்பர் அவரை உற்றுப் பார்த்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஏதோ கணக்குப் போடுவது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

"அடுத்த எலெக்சன் தூரத்தில் இல்லை. மேடைக்கு வருவாய் அல்லவா?"

"இதுக்குப் பதில் வரட்டும் மாத்தயா. பாத்துச் சொல்றேன்."

மெம்பர் ஏறிக்கொண்டார். ஜீப் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு இறங்கிப்போனது. ஆண்டியப்பன் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலி இருக்குமா? இந்தக் காகிதம் எந்த மேசையில் போய்த் தூங்கும்? ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தை மடிக்கக் கை வரவில்லை, மை காயவில்லை.

வீரம்மா தன் கம்பளியை விரித்துக் காகிதத்துக்கு மேலே பிடித்தாள்.

"ஏங்க."

"என்னா?"

"இதோட கல்யாணப் பத்திரிகை எதையாச்சும் சேத்து அனுப்பிப்புடாதீங்க."

வேலாயிதான் முதலில் சிரித்தாள்.