நாலு திருகு

பெரிய மாப்பிள்ளை அதுவரை யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைப்பட அவசியம் வரவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். மாமனார் வீட்டில் மின்விசிறி முனகினால் கூப்பிடுவது அவரைத்தான். மோட்டார் மக்கர் செய்தாலும் அவரைத்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சொந்தமாக எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அந்த வீட்டின் ஒயரிங் மொத்தமும் அவர் கைவேலை. “பெரிய மாப்பிள்ளை வரட்டும்” என்று மாமியார் சொல்லிவிட்டாலே பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

எல்லாம் சின்ன மாப்பிள்ளை வந்து சேரும் வரைதான்.

மைத்துனியைக் கட்டிய அந்த ஆளுக்குப் பல்செட் செய்யும் வேலை. கூடத்தில் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார், அடுத்தவர் பல்லை மட்டும் உற்றுப் பார்ப்பார். ‘இவனால் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்று பெரிய மாப்பிள்ளை நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியில்தான் ஞாயிற்றுக்கிழமை மாலை டார்ச் வெளிச்சம் விழுந்தது.

அது மாமனார் லாரி ஓட்டிய காலத்து டார்ச். மேலே கைப்பிடி, முன்னால் தட்டு மாதிரி கண்ணாடி, பின்னால் நாலு திருகு போட்ட தகரப் பெட்டி. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வாங்கியது. ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உதவியது. பிறகு அதற்கான பெரிய பேட்டரி கடைகளில் வருவது நின்றுபோய், டார்ச்சும் செத்துப்போனது.

“எல்லாரும் வாங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன்!” என்று மாமனார் வாசலில் நின்று விசையைத் தட்டினார்.

வெள்ளை வெளிச்சம் தெருவைத் தாண்டி எதிர் மாடி வரைக்கும் பாய்ந்தது. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டு, “யாருய்யா அது, அறிவில்ல?” என்று கத்தினாள்.

மாமனாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “பாத்தீங்களா? அந்தம்மா மூஞ்சிய இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒழுங்காப் பாக்குறேன்!”

“அதுக்காகத்தான் ரிப்பேர் பண்ணச் சொன்னீங்களாக்கும்” என்று மாமியார் இடித்தாள். பிறகு பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “சின்ன மாப்பிள்ளதான் பண்ணிக் குடுத்தாரு. உள்ள எல்.இ.டி-யாம். பேட்டரி வாங்கவே வேணாமாம், போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கலாமாம்.”

“நல்லா இருக்கு அத்தை.”

“உங்க கடையில ரெண்டு வருஷம் தூங்கிட்டிருந்துச்சே, அதேதான். போன வாரம் நான்தான் வந்து எடுத்துட்டுப் போனேன்.”

அவள் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதுதான் அதிகமாகக் குத்தியது. ‘பார்ட்ஸ் கிடைக்கல மாமா’ என்று அவர்தான் ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தார். தேடினால்தானே கிடைக்கும்!

“பல்லு செய்யறவரு கை வச்சிருக்காரு. சூடு ஏறுதான்னு ஒரு தடவ பாத்துடறேன் மாமா” என்று டார்ச்சை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும்.

முதல் பார்வையிலேயே ஒரு குறை கிடைத்தது. நாலு திருகும் ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்டு நின்றன. ‘தொழில் தெரியாத பய’ என்று குளிர்ந்த மனதோடு பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

எல்.இ.டி-யை வெறுமனே ஒட்டி வைக்காமல், சூடு இறங்குவதற்காக ஒரு அலுமினியத் தகட்டின் மேல் உட்கார வைத்திருந்தான். சார்ஜ் ஏறும் பேட்டரிகள் ஆடாமல் இருக்கச் சுற்றிலும் ரப்பர். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுக்க ஒரு சின்ன போர்டு. கருத்துப்போயிருந்த பிரதிபலிப்பான் புதுப் பல்செட் போல மின்னியது. ஒயரைப் பற்றவைத்த ஈயத்துளிகள் உருண்டு திரண்டு, முத்து மாதிரி நின்றன. இத்தனை வருடத் தொழிலில் பெரிய மாப்பிள்ளையின் ஈயத்துளி ஒன்றுகூட இப்படி விழுந்ததில்லை.

காதில் புகை வந்தது என்று சொன்னால் குறைவு. அடுப்பே எரிந்தது.

ஸ்க்ரூ டிரைவர் முனையைச் சிவப்பு ஒயருக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். துளி விட்டுக்கொடுத்தது. ஒயரைப் பழையபடி தொட்டும் தொடாமலும் வைத்து மூடித் திருகினார். இப்போதைக்கு எரியும், நாலு நாளில் அணையும். ‘பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க’ என்று போன் வரும். வந்தே ஆகவேண்டும்.

“ஒண்ணும் பழுதில்ல மாமா” என்று டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமையிலிருந்து கடையில் போனைக் கல்லாவுக்குள் வைக்காமல் கண்ணெதிரில் வைத்துக்கொண்டார். மணியோசையைக் கூட்டி வைத்தார். யார் யாரோ கூப்பிட்டார்கள். மாமனார் வீட்டிலிருந்து மட்டும் மூச்சுப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை காலை மனைவிதான் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, அப்பா டார்ச் எரியலையாம்.”

“அப்படியா?” குரலில் சந்தோஷம் வழியாமல் பார்த்துக்கொண்டார். “சாயங்காலம் போய்ப் பாக்குறேன்.”

“வேணாம். நேத்தே தங்கச்சி வீட்டுக்காரரக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம். தொட்டிக்கிட்ட நிக்கறப்ப சட்டுனு அணைஞ்சு, அப்பா ஏணியில முழங்கால இடிச்சுக்கிட்டாரு. வீங்கியிருக்காம்.”

பெரிய மாப்பிள்ளைக்கு வாயில் காபி கசந்தது. முழங்காலை நினைத்துக் கசந்ததா, போன் வராததை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

அன்று மத்தியானம் சின்ன மாப்பிள்ளையே கடைக்கு வந்து நின்றார். கையில் டார்ச்.

“வாங்க சகலை. என்ன, உங்க வேலை பல்லைக் காட்டிடுச்சா?”

“காட்டிடுச்சுண்ணே.” அவர் டார்ச்சை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். “உள்ள ஒயர் விட்டிருக்கும். திறந்து பாக்காமலே சொல்லுவேன்.”

“திறக்காமலே எப்படி?”

“நான் திருகு போட்டா கோணலாத்தான் நிக்கும். எவ்வளவு பாத்தாலும் வராது. இதப் பாருங்க.”

பெரிய மாப்பிள்ளை பார்த்தார். நாலு திருகின் கோடுகளும், அவர் வாழ்நாளில் போட்ட எல்லாத் திருகுகளையும் போல, நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. கை தன் பழக்கத்தில் செய்த வேலை.

“அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எதுக்கு?” சின்ன மாப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த வீட்டுல எந்த சுவிட்ச் போர்டப் பாத்தாலும் திருகு நேரா நிக்குதுண்ணே. பாத்ரூம்ல கூட. கல்யாணமான நாள்லேர்ந்து நான் அதப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ‘பெரிய மாப்பிள்ள போட்டது’ன்னு அத்தை கமெண்ட்ரி வேற. இந்த டார்ச்ச ஏன் எடுத்தேன்னு நினைக்கறீங்க? அந்த வீட்டுல நீங்க தொடாம விட்டது இது ஒண்ணுதான்.”

பெரிய மாப்பிள்ளைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

“மாமா முழங்கால் எப்படி இருக்கு?” என்றார் மெதுவாக.

“வீக்கம் குறைஞ்சிடுச்சு. பத்தவைங்கண்ணே ஒயர.”

பற்றவைத்தார். மூன்று முறை பற்றவைத்தார். அப்போதும் அவர் துளி சப்பையாகத்தான் விழுந்தது, பக்கத்தில் சகலையின் முத்து ஜொலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். மூன்று திருகுகள் நேராக நின்றன. நாலாவதை மட்டும், கையைக் கட்டாயப்படுத்தி, கோணலாக விட்டார்.

“இது உங்க வேலைதான். நீங்க பண்ணுனதாவே இருக்கட்டும்.”

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே போனார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மாமனார் விசையைத் தட்டினார். எதிர் மாடியில் ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

“சின்ன மாப்பிள்ள கைவச்சா அது தனிதான்!” என்றாள் மாமியார்.

பெரிய மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துக்கொண்டே விடைபெற்றார். செருப்பை மாட்டினார், படி இறங்கினார், வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தார். அங்கேயே நின்றார்.

திரும்பி விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

“மாமா, அத ஒரு நிமிஷம் குடுங்க.”

சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலாவது திருகைக் கால் சுற்று திருகினார்.

“என்ன மாப்ளே, மறுபடியும் பழுதா?”

“இல்ல மாமா. கோணலா இருந்துச்சு.”

மூலையில் உட்கார்ந்திருந்த சின்ன மாப்பிள்ளை, முப்பத்திரண்டு பல்லும் தெரியாமல் இருக்க, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.